எழுபது வளைவுகளும் இரண்டு சக்கரங்களும்

(மோட்டார் சைக்கிளில் கொல்லிமலைக் கிராமங்களுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர்கள் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, நமது மருத்துவமனைச் சாப்ளின் ஐயா அவர்களுக்கு ஆற்றிய உரை. பேசியபடியே இங்கே தரப்படுகிறது.)



ஆராதனைக்கு நான் வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிற்பதால், சிலர் வேதாகமத்தைக் கையில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து பக்கத்தில் வைத்துவிடுங்கள். இன்று பிரசங்கம் இல்லை. இன்று மோட்டார் சைக்கிள்.

இதைப் பேச ஒரு மெக்கானிக்கை அழைத்திருக்கலாமே என்று உங்களில் ஒருவர் வாசலில் கேட்டார். நியாயமான கேள்வி. மெக்கானிக் வண்டியைப் பார்க்கிறார். டாக்டர் எலும்பைப் பார்க்கிறார். ஆனால் விழுந்தவர் மூன்றாம் நாள் வாயைத் திறந்து, "ஐயா, உண்மையில் என்ன நடந்தது தெரியுமா" என்று தொடங்குவது என்னிடத்தில்தான். வீட்டாரிடம் லாரிக்காரன்மேல் பழி சொல்லியிருப்பார்; போலீசாரிடம் நாய் குறுக்கே வந்தது என்று சொல்லியிருப்பார். படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சாப்ளினிடம் மட்டும் உள்ளதைச் சொல்வார். அப்படி 30 வருடமாகக் கேட்டதில் பாதிக்கு மேல் வளைவுகளைப் பற்றியது. இந்த மலைக்கு நானும் அத்தனை காலமாக வண்டியில் ஏறி இறங்குகிறவன்.

நாளை நீங்கள் ஏறுகிற சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40, மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகைக்கு 36, ஏற்காட்டுக்கு 20. ஏலகிரியில் 14தான், அங்கே வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்திருக்கிறார்கள். அந்த வள்ளல்களில் ஒருவனான ஓரியின் மலை நம்முடையது. இங்கே பெயர் ஒன்றும் இல்லை, எண் மட்டும்தான். ஒவ்வொரு வளைவிலும் பலகையில் எத்தனையாவது என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை எண்ணிக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சாலை வருவதற்கு முன்னால் இதே மலைக்கு ஜெசி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் கால்நடையாகவும் குதிரையிலும் ஏறினார்கள். கை அறுவை சிகிச்சையில் உலகப் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914இல் இந்த மலையில்தான் பிறந்தார். தகப்பனார் 1929இல் காய்ச்சலால் இறந்த பிறகும் அந்த அம்மையார் மலைப் பணியை விடவில்லை. முதிய வயதிலும் மலை ஜனங்களோடேயே இருந்து, 1974இல் இறந்தார். குதிரைக்கு ஒரு வசதி உண்டு. வேகமாக விட்டாலும், பள்ளத்தைக் கண்டால் அது தானாக நின்றுவிடும். உங்கள் வண்டிக்கு அந்தப் புத்தி கிடையாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

வண்டி எப்படித் திரும்புகிறது? "ஹேண்டில்பாரைத் திருப்பினால் திரும்புகிறது" என்று சொல்வீர்கள். ஆகாய விமானத்தை உண்டாக்கிய ரைட் சகோதரர்கள் முதலில் சைக்கிள் கடைக்காரர்கள். மூத்தவரான வில்பர் ரைட், சைக்கிள் ஓட்டுகிற பலரிடம் இதையே கேட்டுப் பார்த்தாராம். இடது பக்கம் திரும்ப ஹேண்டிலை இடது பக்கம் திருப்புகிறோம் என்றே எல்லாரும் சொன்னார்கள். உண்மை அதுவல்ல. ஓடுகிற வண்டி இடது பக்கம் சாய வேண்டுமானால், ஹேண்டில் ஒரு கணம் வலது பக்கம் திரும்ப வேண்டும். அதாவது, இடது கைப்பிடியை முன்னால் மெல்ல அழுத்த வேண்டும். சக்கரம் வலப்பக்கம் விலகுகிறது; வண்டி இடப்பக்கம் சாய்கிறது; சாய்ந்த பிறகு ஹேண்டில் தானாக இடது பக்கம் வந்து, வண்டி வளைகிறது. நாம் எல்லாருமே தெரியாமல் இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறோம். தெரியாமல் செய்கிற காரியம் சாதாரண வேளையில் சரியாக வரும். பயந்த வேளையில் வராது. பயந்தவர் "இடது பக்கம் போகணும்" என்று ஹேண்டிலை இடது பக்கம் முரட்டுத்தனமாக இழுப்பார். வண்டி நிமிர்ந்து வலது பக்கம் போகும். அங்கே பேருந்து வரும்.

ஆகவே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இடது பக்கம் போக இடது கையை அழுத்து, வலது பக்கம் போக வலது கையை அழுத்து. வளைவு இறுகினால் இன்னும் கொஞ்சம் அழுத்து. ஒன்று மட்டும். இது சைக்கிளில் ஆள் ஓடுகிற வேகத்துக்கு மேல் போகும்போது சொன்னது. கொண்டை ஊசியில் நடைவேகத்தில் ஊர்ந்து திரும்பும்போது ஹேண்டிலைத் திருப்பித்தான் ஓட்ட வேண்டும். அங்கே காப்பாற்றுவது கிளட்சும் பின் பிரேக்கும்.

அடுத்தது வேகம். இதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுகளின்படி ஒரு கொண்டை ஊசி வளைவு மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்துக்கு அமைக்கப்படுகிறது. உள்விளிம்பின் ஆரம் குறைந்தது 14 மீட்டர். பழைய மலைச் சாலைகளில் அந்த 14 மீட்டர்கூட இல்லாத வளைவுகளை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். இருந்தாலும் 14 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். சமதளமான சாலையில் அந்த வளைவை 20இல் எடுத்தால் வண்டி சுமார் 13 டிகிரி சாய்ந்தால் போதும். 30இல் எடுத்தால் 27 டிகிரி. 40இல் எடுத்தால் 42 டிகிரி. வேகம் இரண்டு மடங்கானால் டயர்மேல் விழுகிற பக்கவாட்டுச் சுமை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. 20இல் அது வண்டியும் ஆளும் சேர்ந்த எடையில் கால் பங்குக்கும் குறைவு, 30இல் பாதி, 40இல் பத்தில் ஒன்பது பங்கு. காய்ந்த நல்ல தார்ச் சாலையில் நல்ல டயர் பாதியைத் தாங்கும். மணல் படிந்த இடத்தில் அந்தப் பாதியையே தாங்காது. 40ஐப் பற்றிப் பேசவே வேண்டாம். "10 கிலோமீட்டர்தானே கூடப் போனேன்" என்று என்னிடம் சொன்னவர்கள் பலர். 20க்கும் 30க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பத்தில் சுமை இரட்டிப்புக்கும் மேலே போய்விடுகிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் 92 சதவிகிதம் பேர் தாங்களாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். நம் ஊரில் கணக்கு எடுத்தால் வேறு மாதிரி வருமா? அண்ணன் பள்ளிக்கூட மைதானத்தில் கிளட்சை எப்படி விடுவது என்று காட்டுவார். வளைவை யாரும் காட்டுவதில்லை. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாமல், தானாக விழுந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் விழுந்தது ஓட்டியவர் தவற்றால். பெரும்பாலும் இரண்டு விதத்தில்: அளவுக்கு மேல் பிரேக் பிடித்துச் சறுக்கியது, அல்லது வேகம் கூடிப்போய், போதிய அளவு சாய்க்காமல் வளைவுக்கு வெளியே ஓடியது.

இந்த இரண்டும் ஒரே இடத்தில் பிறக்கின்றன. வளைவுக்குள் நுழைந்த பிறகு "ஐயோ, வேகம் அதிகம்" என்று தோன்றுகிற அந்த நொடியில். டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒரு சம்பளம் மாதிரி. வளைவதற்கும் அதிலிருந்தே செலவு, பிரேக்குக்கும் அதிலிருந்தே செலவு. ஒரே சம்பளத்தில் இரண்டு குடித்தனம் நடத்த முடியாது. ஆகவே பிரேக்கை வண்டி நேராக இருக்கும்போதே, வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள். கியரையும் அங்கேயே குறைத்துவிடுங்கள். உள்ளே போகும்போது ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, வெளியே போகும் வழி கண்ணுக்குத் தெரிந்தபின் மெல்லத் திறங்கள். மெதுவாக நுழைந்தவருக்கு உள்ளே போனபின் வேகத்தைக் கூட்டிக்கொள்ள எப்போதும் இடம் இருக்கிறது. வேகமாக நுழைந்தவருக்குக் குறைக்க இடம் இல்லை.

இப்போதைய வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்கிறதே என்பீர்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அது கட்டாயம். அப்போது அதற்குக் கீழே முன் பின் பிரேக்குகள் இணைந்து பிடிக்கிற அமைப்பு. நேராக ஓடும்போது அது பெரிய உதவி. சாய்ந்திருக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்குமே தவிர, பக்கவாட்டில் சறுக்குவதை நம் சாதாரண வண்டிகளில் தடுக்காது. மேலும் நீங்கள் எடுத்துப் போகும் வண்டிகளில் பாதி அதற்கு முந்தினவை.

போன வருடம் இதே மண்டபத்தில், அந்த ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்த நம் சகோதரர் ஒருவரை எல்லாருக்கும் தெரியும். அவர் அனுமதி கொடுத்துத்தான் சொல்கிறேன். மாலை நேரம், பின்னால் தடுப்பூசிப் பெட்டி, மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கொண்டை ஊசிகூட அல்ல. இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவில் இருக்கிற ஒரு சாதாரண இடது வளைவு. பாதியில் எதிரே பேருந்து தெரிந்தது. அவர் பேருந்தைப் பார்த்தார். ஆக்சிலேட்டரைச் சட்டென்று மூடி, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தார். சாய்ந்திருந்த வண்டி பிரேக் பிடித்ததும் நிமிர்ந்தது. நிமிர்ந்த வண்டி வளையாது, நேராகத்தான் போகும். இடது வளைவில் நேராகப் போனால் போய்ச் சேருகிற இடம் எதிர்ப்பாதை. பேருந்து ஓட்டுநர் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டார். அதனால் உயிர் இருக்கிறது. தோள்பட்டை ஒரு பக்கமும் கழுத்து ஒரு பக்கமும் இழுபட்டதில், கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புகள் அறுந்தன. இந்த நரம்புக் காயத்துக்கு மோட்டார் சைக்கிள் விபத்தே முக்கியமான காரணம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எலும்பு ஒன்றுகூட முறியவில்லை. ஆனால் வலது கையைத் தூக்க முடியவில்லை. அவருக்கு வயது 26. ஊசி போடுகிற கை அது.

அவர் என்னிடம் சொன்ன வாக்கியம் இதுதான்: "ஐயா, எனக்கு இடது பக்கம் இடம் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை."

கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். இது பழமொழிக்காகச் சொல்வதல்ல. உடம்பு அப்படித்தான் இயங்குகிறது. பாறையைப் பார்த்தால் பாறைக்குப் போவீர்கள், பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு. பலகையில் எழுதியிருக்கிற எண்ணைப் படித்துக்கொண்டிருந்தால் பலகைக்கே போவீர்கள். அதனால்தான் எண்ணாதீர்கள் என்றேன். கொண்டை ஊசியில் கழுத்தைத் திருப்பி, தோளுக்கு மேலாக, நீங்கள் போய்ச் சேரவேண்டிய மேல் சாலையைப் பாருங்கள். ஆரம்பத்தில் பயமாக இருக்கும். முன் சக்கரத்துக்கு முன்னால் என்ன இருக்கிறதோ என்று கண் கீழே இழுக்கும். இழுக்கட்டும், விடாதீர்கள்.

மற்ற வளைவுகளுக்கு இங்கிலாந்துப் போலீசார் தங்கள் ஓட்டுநர்களுக்குக் கற்றுக் கொடுக்கும் ஒரு வழி இருக்கிறது. சாலையின் இரண்டு ஓரங்களும் தூரத்தில் ஒன்றாகச் சேருகிற மாதிரித் தெரியும் ஒரு புள்ளி இருக்கும், அதைப் பாருங்கள். நீங்கள் போகப் போக அந்தப் புள்ளியும் உங்களைவிட்டு விலகிப் போனால் வளைவு விரிகிறது. அது ஒரே இடத்தில் நின்று, நீங்கள் அதை நெருங்கினால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறையுங்கள். தெரிகிற தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே சரியான வேகம். ஒரு வண்டி மட்டும் போகிற குறுகலான இடமானால் தெரிகிற தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிய வேண்டும். மீதிப் பாதி எதிரே வருகிறவருக்கு வேண்டும்.

நம் நாட்டில் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே இடது வளைவின் ஆபத்து வெளியே ஓடி எதிர்ப்பாதையில் விழுவது, அதைச் சொல்லிவிட்டேன். வலது வளைவின் ஆபத்து வேறு. உங்கள் சக்கரம் நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கும். ஆனால் வண்டி வலது பக்கம் சாய்ந்திருப்பதால் உங்கள் தலை கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும். எதிரே வருகிற லாரி அதன் பாதையிலேயே சரியாக வந்தாலும் தலை அதன்மேல் மோதும். வலது வளைவில் இடது ஓரமாகவே வாருங்கள். ரொம்ப ஓரம் வேண்டாம்; அங்கே சரளை, மணல், மழை அடித்துக் கொண்டுவந்த மண் எல்லாம் சேர்ந்திருக்கும்.

பேருந்து விஷயம். மேலே ஏறுகிற பேருந்து இடது கொண்டை ஊசியில் திரும்ப முதலில் வலது பக்கம் விரிந்து போகும். இடது பக்கம் பெரிய இடைவெளி தெரியும். "உள்ளே புகுந்துவிடலாம்" என்று தோன்றும். பேருந்தின் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது. உள்ளே அறுத்துக்கொண்டு வரும். அந்த இடைவெளி உங்களுக்காக விடப்பட்டதல்ல, அந்தப் பின்சக்கரத்துக்காக. பேருந்து வளைவை முடிக்கும்வரை கீழேயே நில்லுங்கள். இரண்டு நிமிடம் ஆகாது. சாலை குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நாட்களில் மலைக்குப் போய்ப் பார்த்தால் அந்தச் சட்டத்தை யாரும் கேள்விப்பட்டதாகத் தெரியாது. நீங்கள் கடைப்பிடியுங்கள்.

ஏறும்போது இன்னொரு சங்கடம். கொண்டை ஊசியின் உள்பக்கம்தான் செங்குத்து அதிகம். இடது வளைவில் நீங்கள் வருவது அந்த உள்பக்கம். மூன்றாவது கியரில் நுழைந்து, பாதியில் எஞ்சின் அடங்கி நின்றுபோய், வண்டி உள்பக்கமாகச் சாய்ந்து காலின்மேல் விழுவது வாரம் ஒன்று பார்க்கிறேன். முன்கூட்டியே முதல் அல்லது இரண்டாம் கியர். வளைவுக்கு நடுவில் கியர் மாற்றாதீர்கள்.

இறங்கும்போது, பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து, இந்த ஒன்றை மட்டுமாவது விட்டுவிடுங்கள். எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை மட்டும் நம்பி 70 வளைவும் இறங்கினால், பாதி வழியிலேயே டிரம் சூடேறிப் பிரேக் பிடிக்காமல் போகும். கியர் இல்லாத ஸ்கூட்டர் வைத்திருக்கிற தங்கைகளுக்குச் சிறப்பாகச் சொல்கிறேன்: ஆக்சிலேட்டரை முழுவதும் மூடி மெதுவாக வந்தால் உங்கள் வண்டியில் கிளட்ச் தானாக விலகிவிடும்; எஞ்சின் பிடிப்பே இருக்காது. முழுப் பாரமும் பிரேக்கின்மேல்தான். நடுநடுவே நிறுத்தி ஆறவிட்டு வாருங்கள். முடிந்தால் மலைக்கு அந்த வண்டியைக் கொண்டு போகவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பின்னால் உட்காருகிறவர் ஓட்டுகிறவரோடு சேர்ந்து சாய வேண்டும். வண்டி சாயும்போது பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்தால் வண்டி வளையாது. வளைகிற பக்கத்துத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். உடம்பு தானாகச் சரியாகும். சேலை கட்டி ஒருக்களித்து உட்காருகிற சகோதரிகள் மலை ஏறும்போது சுடிதார் போட்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவது நல்லது. இதைச் சொன்னதற்காக மேட்ரன் அம்மா என்னைக் கோபித்துக்கொண்டது உண்டு. இப்போது அவரே சொல்கிறார். ஹெல்மெட்டைப் பற்றி நான் பேச வேண்டியதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் பேசிவிட்டது. வாரைக் கட்டாமல் போட்ட ஹெல்மெட் உங்களுக்கு முன்னே பறந்து போய்விடும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக சைடு ஸ்டாண்டு. மடக்க மறந்த சைடு ஸ்டாண்டு நேர்ச் சாலையில் ஒன்றும் செய்யாது. முதல் இடது வளைவில் சாயும்போது தரையில் ஊன்றி, வண்டியைத் தூக்கி எறியும். புதிய வண்டிகளில் அது இறங்கியிருந்தால் எஞ்சினே ஓடாது. பழைய வண்டிகளில் யாரும் உங்களுக்கு நினைவுபடுத்த மாட்டார்கள். ஒருவருக்கொருவர் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்போது எல்லாரும் எழுந்து மைதானத்துக்கு வாருங்கள். சுண்ணாம்புப் பொடியில் ஒரு வளைவு போட்டு வைத்திருக்கிறது. நாளை கொண்டு போகிற மருந்துப் பெட்டியையும் தடுப்பூசிப் பெட்டியையும் பின்னால் கட்டிக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் வண்டியில் ஓட்டிப் பிரயோஜனமில்லை. கையில் காயம் பட்டதாகச் சொன்னேனே, அந்தச் சகோதரர் வளைவின் முடிவில் இடது கையில் ஒரு சிவப்புத் துணியோடு நிற்கிறார். வளைவுக்குள் நுழைந்ததிலிருந்து வெளியே வரும்வரை நீங்கள் அந்தத் துணியைத்தான் பார்க்க வேண்டும். பார்வை கீழே போனால் அவர் கண்டுபிடித்துவிடுவார். திரும்பவும் ஓட்டச் சொல்வார். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது.